வெளுத்துப்போன இரண்டு சீட்டுகள்

பிள்ளைகளா, ஆய்வுக்கூடத்தில் அப்பா ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டதாக உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதில் பாதி உண்மை. மீதியை வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

சிப்பியின் மேல் வெள்ளைத் தேமல் மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். பாசி என்று நினைப்பீர்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பொடிப்பொடி அறைகள். அறைக்கொரு உயிர், வாசலுக்கொரு மூடி. வாசலைச் சுற்றி எத்தனை முள் என்று எண்ணித்தான் இன்ன இனம் என்பார்கள். அந்த ஆராய்ச்சி மாணவியிடம் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்று கடலுக்கடியில் சிப்பி விளையும் முத்துப்பாரில் முக்குளித்து எடுத்தது. மற்றது துறைமுக மிதவையில் சுரண்டியது. இரண்டிலும் ஆறு முள். இரண்டும் ஒன்றுதானா, மிதவையில் இருப்பது கப்பலோடு வந்ததா என்று ஜீன் சோதனைதான் சொல்லவேண்டும். அதற்காகத் தனித்தனிப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, எடுத்த இடத்தைப் பென்சிலால் சீட்டில் எழுதி உள்ளே போட்டேன். ஸ்பிரிட்டில் பென்சில் எழுத்துதான் நிற்கும். பத்தாவது தாண்டாத, ஆய்வுக்கூட எடுபிடியான எனக்கும் அது தெரியும்.

வெளியூர்ப் பெரியவர்கள் பார்வையிட வந்த வாரம், எங்கள் ஆபீசர் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, கோழி கிண்டுன மாதிரி எழுதி வச்சிருக்கீரு? வாரவங்க சிரிக்கவா?"

என் சீட்டுகளை எடுத்து என் கையிலேயே திணித்துவிட்டு, தன் பேனாவால் அழகாக எழுதிப் போட்டார். வேண்டாம் சார் என்று வாய்வரை வந்தது. வருஷாவருஷம் என் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடுவதும் அதே பேனாதான். சும்மா இருந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மாணவி திறந்தபோது, இரண்டு சீட்டும் வெள்ளை. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்தது: இரண்டும் வேறு வேறு இனம். எது பாரில் இருந்தது, எது மிதவையில் இருந்தது? அதுதான் அவளுடைய கேள்வியே.

ஆபீசர் எல்லார் முன்னாலும் கேட்டார். "இத்தன வருஷமா வேல பாக்கீரு, மை கரையும்னு தெரியாது?"

"தெரியாமப் பண்ணிட்டேன் சார்."

மாணவி என்னையே பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க எப்பவும் பென்சில்லதானே எழுதுவீய?"

நான் பாட்டில்களை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மறுபடி எடுக்கப் போனோம். பாரில் அந்த இடத்தை மணல் மூடிக்கிடந்தது. மிதவையைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

"பாட்டில்ல போட்டது நீங்கதானே அண்ணாச்சி. இதுதான் பாருல எடுத்ததுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்படியே எழுதிருதேன்."

"தெரியலம்மா."

அந்த அத்தியாயத்தையே அவள் தன் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டாள். இப்போது எனக்கு வணக்கம் சொல்வதில்லை. ஆபீசருக்குச் சொல்கிறாள்.

அவள் அத்தியாயத்தை எடுத்த அன்று சாயங்காலம் எல்லாரும் போனபின் அந்தப் பாட்டில்களை எடுத்தேன். பழைய பென்சில் சீட்டுகள் என் சட்டைப்பையில்தான் இருந்தன. 'பார்', 'மிதவை'. எதை எதில் போட்டாலும் கேட்க ஆளில்லை. இரண்டையும் கிழித்தேன். புதிதாக இரண்டு சீட்டில், 'எடுத்த இடம் தெரியாது' என்று பென்சிலால் எழுதி, பாட்டிலுக்கொன்றாய் உள்ளே போட்டு மூடியை இறுக்கினேன்.