அக்காவுக்காக நான் உட்கார்ந்த படம்

எங்கள் நடுவீட்டுச் சுவரில் மாலையோடு ஒரு படம் தொங்குகிறதே, அது என் அக்கா புஷ்பமேரி என்று எங்கள் ஊர் இண்டூர் முழுக்கச் சொல்லும். அது அக்கா இல்லை, நான். இன்னும் உயிரோடு இருந்து, அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருக்கிற மிக்கேலம்மாள்.

அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். எனக்கென்று புதிதாக எதுவும் வந்ததே இல்லை. அவள் போட்டுக் கழித்த பாவாடை, அட்டை கிழிந்த புத்தகம், கோவிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் போட்ட வெள்ளைக் கவுன், எல்லாம் அவள் முடித்த பிறகுதான் என்னிடம் வரும். எண்பத்தொன்றில் மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று பேசி, மறு வருஷமே அவள் புருஷனையும் எனக்குக் கட்டி வைத்தார்கள். கோவிலில் தாலி கட்டும்போதே அந்த மனுஷன் அழுதார். யாரை நினைத்து அழுதார் என்று எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் மரியசூசை கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அக்காதான். குழம்பு வைத்தால், "அவ புளி கம்மியா போடுவா" என்பார். கோழி அடைக்கு உட்கார்ந்து பத்துக் குஞ்சு பொரித்தால் அதுவும் அவள் கைராசி. செத்தவளிடம் போய் நான் சண்டை போட முடியுமா? வயிறு எரிந்தது. மறைப்பானேன், கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் எரிந்தது.

எண்பத்துநாலில், கல்லறைத் திருநாள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், அக்காவுக்கு ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லையே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. இருந்த ஒரே படம் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று எடுத்தது. அழுத பிள்ளையைப் பார்க்கத் திரும்பியதில் படத்தில் அவள் முகம் தெளிவில்லாமல் கலங்கிப்போயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தருமபுரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தஸ்தகீர் பாயைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவ ஜாடையில யாராச்சும் ஒக்காந்தா எடுத்துடலாமாம். மூக்கையும் வாயையும் மட்டும் பாய் பென்சில்ல சரி பண்ணிடுவாராம். படம் இல்லாதவங்களுக்கு இப்பிடித்தான் செஞ்சி குடுக்கறாராம். நீதான் புள்ள ஒக்காரணும்."

"எனக்கே ஒரு படம் கெடையாதுங்க," என்றேன்.

"ஒனக்கு எதுக்கு? நீதான் நேர்லயே இருக்கியே," என்றார்.

நல்ல நியாயம்.

அக்காவின் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அக்காவின் தோட்டைப் போட்டுக்கொண்டேன். அவள் கோணவகிடு எடுப்பாள், எனக்கு நேர்வகிடு. ஸ்டூடியோ கண்ணாடி முன்னால் நான் எடுத்த வகிடு அவருக்குப் பிடிக்கவில்லை. சீப்பை வாங்கி அவரே வாரிவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் கை என் தலையை அவ்வளவு பொறுமையாகத் தொட்டது அன்றைக்குத்தான். அதுவும் அவளுக்காக. பாழாய்ப்போன கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாரி முடித்ததும், அக்காவுக்கு மல்லிகை பிடிக்கும் என்று பூ வாங்க வெளியே போனார். பாய் விளக்கைப் போட்டு என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"தங்கச்சி, தாடையில மச்சம் இருக்குதே. அக்காவுக்கும் உண்டா?"

"இல்லீங்க பாய்."

"அப்ப நெகட்டிவ்ல அத எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. மூக்கை மாத்துங்க, வாயை மாத்துங்க. அத மட்டும் உட்டுடுங்க."

"வூட்டுக்காரரு கண்டுபுடிச்சிட்டா?"

"கண்டுபுடிக்கறாரான்னு பாக்கத்தான் சொல்றேன்."

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

படம் வந்தது. என் கண், என் நெற்றி, அக்காவின் கூர்மூக்கு. தாடையில் என் மச்சம். அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். "அப்பிடியே அவளேதான்," என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வந்து பார்த்த சனமெல்லாம் அதையே சொன்னது. கல்லறைத் திருநாளன்று மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினார். அதற்குப் பிறகு தினமும் காட்டு வேலைக்குப் போகுமுன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பார்ப்பது என் கண்ணைத்தான், ஆனால் அந்தப் பார்வையில் எனக்குப் பங்கில்லை. என் முகத்தின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடித்த மறுநாள் காலை, படத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

"இந்த ஈ எச்சம் போவ மாட்டேங்குது, மிக்கேலு."

"அது கண்ணாடிக்கு உள்ளார இருக்குதுங்க. மச்சம்."

"அவளுக்கு அங்க மச்சம் கெடையாதே," என்றார். துளிகூட யோசிக்கவில்லை.

களித் துடுப்பை அப்படியே பானையில் விட்டுவிட்டு வாசல் வெளிச்சத்தில் வந்து நின்றேன். தாடையைத் தூக்கிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இது ஒனக்கு எப்பலர்ந்து இருக்குது?" என்று கேட்டார்.

"பொறந்ததுலர்ந்து," என்றேன்.