இடது பக்கப் பெட்டி

என் மனைவியின் தம்பி துபாயில் வேலைக்குப் போய் முதல் முறையாக விடுமுறையில் வந்தபோது எங்களுக்கென்று ஒரு ஸ்டீரியோ டெக் வாங்கி வந்தான். எண்பதுகளின் கடைசி அது. டெக் மட்டும்தான் வந்தது, அதோடு சேர்ந்த ஸ்பீக்கர்கள் வரவில்லை.

"பெட்டி ரெண்டும் பெருசு அத்தான். எடை கூடிப்போச்சு, அங்கேயே ஒருத்தன்கிட்ட குடுத்துட்டேன். நல்ல ஸ்பீக்கரா இங்கேயே பாத்துக்கிடலாம். நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை?" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் நான்தான் காது. மாதாகோயில் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறவன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை இம்மியளவு இறங்கினாலும் நான் திரும்பிப் பார்ப்பேன் என்று குழுவில் சொல்லிச் சிரிப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்தேன். தகடு வெட்டும் மெஷின்கள் வரிசையாக இடித்துக்கொண்டிருக்கும் இடம். எந்த மெஷின் சரியாக விழவில்லை என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். சொந்தக்காரர்கள் யார் ரேடியோ வாங்கினாலும், டேப் ரிக்கார்டர் வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. கடைக்காரர்கள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பேன். கேட்டு முடித்து நான் வாயைத் திறக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள்.

ஆனால் அதற்கு ஓரிரு வருடம் முன்பிருந்தே எனக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. கம்பெனியில் போன் வந்தால் ரிசீவரை வலது காதுக்கே கொண்டுபோனேன். குழுவில் என்னை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார்கள். குழுத் தலைவர் வேறு ஒருவருக்கு இடம் கொடுக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். இடது காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்து, மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு தேங்காயெண்ணெயைச் சூடாக்கி விட்டுக்கொள்வேன். அவள் எங்கள் வீடு இருந்த திருமுல்லைவாயிலிலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது என்றே நம்பியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் டெக்கைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தருகிற கடை. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் அங்கேயே செய்தும் விற்பார்கள். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பாட்டு பதியக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் இரண்டு ஜோடிகளைக் காட்டினார். ஒன்றில் பெட்டிக்கு மூன்று ஸ்பீக்கர், பெரிதும் சிறிதுமாக. இன்னொன்றில் பெட்டிக்கு ஒன்றே ஒன்று, அகலமானது.

"இது புல் ரேஞ்சு அண்ணாத்தே. அடி, மேலு, அல்லாம் இந்த ஒத்த ஸ்பீக்கர்லயே வந்துடும். அது மூணா பிரிச்சிக் குடுக்கும். காதுல கேட்டுட்டு நீயே சொல்லு."

"அத்தான் கேட்டா போதும், அவர் சொல்றதை எடுத்துக்கிடுதோம்" என்றான் மைத்துனன், பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

முதலில் புல் ரேஞ்ச் ஜோடி. ஸ்டீரியோவைக் காட்டுவதற்கென்றே அவர் ஒரு கேசட் வைத்திருந்தார். ரயில் ஒன்று இடது பெட்டியில் கிளம்பி வலது பெட்டி வழியாகப் போகும். எனக்கு அது வலது பக்கத்திலேயே மெல்லத் தொடங்கி, வலது பக்கத்திலேயே பெரிதாகி, அங்கேயே ஓய்ந்தது. கண்ணைத் திறந்தேன். மைத்துனனின் தலை ரயிலோடு கூடவே இடமிருந்து வலமாகத் திரும்பியிருந்தது. பெஞ்சில் ஒருவர் சிரித்துக்கொண்டே "அப்டியே நம்ம மேல ஏறிப் போவுதுப்பா" என்றார். அடுத்து ஏதோ வந்திருக்கிறது. எல்லார் முகமும் மலர்ந்தது. என் மனைவிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது சின்னச் சின்ன மணிகள் கிலுங்குகிற சத்தம்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லமுடியும். பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை.

"இந்த இடது பெட்டி பேசலையே" என்றேன்.

"இன்னாது?"

"லெஃப்ட்ல சத்தமே இல்ல. வலதுல மட்டும்தான் வருது."

கடைக்காரர் இடது பெட்டி மேல் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து காதை வைத்தார். "ரெண்டும் பாடிகினு கீது அண்ணாத்தே."

"மாத்தி வச்சிப் பாருங்க."

அவர் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் ரயில். அதுவரை ஊமையாக இருந்த பெட்டி வலது பக்கம் வந்ததும் பேசியது. பேசிக்கொண்டிருந்தது இடது பக்கம் போனதும் ஊமையானது. அங்கேயே நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "அப்போ ஒயர்லதான் கோளாறு" என்றேன்.

அவர் வேறு ஒயர் போட்டார். பிறகு முகம் சுண்ட, ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒரு பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பெஞ்சிலிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்டார்கள். "நல்லாத்தானே சார் வருது?" என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மைத்துனன் இடது பக்கம் நின்று என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். நான் பதில் சொல்லாததால் தோளைத் தொட்டான். திடுக்கிட்டுத் திரும்பினேன். கடைக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் பார்வை என் முகத்திலிருந்து நகர்ந்து என் காதில் போய் நின்றது.

என் கழுத்தெல்லாம் சூடாயிற்று. அப்போதுதான் என் மனைவி பேசினாள்.

"எனக்கும் இடது பக்கம் சரியா கேக்கலைங்க."

ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுக்கிறவள் அவள். மளிகைக் கடையில் மிச்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவள். அத்தனை பேர் முன்னால், நிமிர்ந்து, குரல் நடுங்காமல் சொன்னாள்.

"இன்னாமா, நீயும் இப்டி சொல்ற?" என்றார் கடைக்காரர். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"இன்னொரு நாள் வரோம்" என்று சொல்லிவிட்டு டெக்கைத் தானே பையில் எடுத்து வைத்தாள். பின்பலகை கழன்ற பெட்டி மேஜை மேல் கிடந்தது. நாங்கள் வெளியே வந்தோம்.

மைத்துனன் வழியெல்லாம் பொருமினான். "நல்லவேளை அத்தான், நீங்க கண்டுபிடிச்சீங்க. சாயம் பூசி வச்சி ஏமாத்துதான். நாம ரிச்சி தெருவுக்கே போயிருக்கணும்." அவனுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் தலையாட்டினேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் லாரி ஒன்று ஒதுங்கியதால் நாங்கள் இடம் மாறினோம். என் மனைவி எனக்கு இடது பக்கம் வந்துவிட்டாள். லாரி போனதும் எனக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து நடந்தாள். அப்போது எனக்கு உறைத்தது. இன்று மட்டுமில்லை. கடைத்தெருவிலும், கோயிலிலும், சாப்பிட உட்காரும்போதும் அவள் எத்தனையோ நாளாக என் வலது பக்கமே இருக்கிறாள். நான் ஒளித்து வைத்ததாக நினைத்ததை அவள் எனக்கு முன்பே தெரிந்துகொண்டு, எனக்குக்கூடத் தெரியாமல் இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறாள். ரயிலில் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் அம்பத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். அவர் தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவட்டை ஒன்றை இரண்டு காதுப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். பக்கத்தில் இன்னொரு இடத்துக்கு அனுப்பி ஒரு பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். இடது காது பெருமளவு போய்விட்டது, வலதிலும் மெல்லிய உயர்ந்த ஒலிகள் குறைந்துவிட்டன, அழுக்கு ஒன்றும் இல்லை, நரம்பு என்றார். மெஷின் சத்தமாக இருக்கலாம், சின்ன வயதில் சீழ் வந்திருந்தால் அதுவாகவும் இருக்கலாம். "பஞ்சு வச்சிக்கிட்டா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். கம்பெனியில் பையன்கள் காதில் பஞ்சு வைத்தால் கேலி செய்கிறவனே நான்தான். அவரிடம் "சில சமயம்" என்றேன்.

இதற்குள் மைத்துனன் ஆவடி சேக்காட்டில் இருந்த தன் நண்பர்களிடமெல்லாம் அந்தக் கடையைப் பற்றிச் சொல்லிவிட்டான். ஸ்பீக்கர் வாங்க இருந்த ஒருவர் அவன் பேச்சைக் கேட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அதை அவன் பெருமையாக வந்து சொன்னபோது என் மனைவி எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து அவனிடம், "கடைக்காரர் மேல தப்பில்லடா. அத்தானுக்குக் காது கேக்கல" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் வந்தது இரக்கம். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே அவனும் நண்பர்களிடம் போய்ச் சரிசெய்தான். நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கடையில் ஏறியதும் அவர் எழுந்திருக்காமலே, "வாங்க வாங்க. இன்னிக்கு எந்தப் பக்கம் பேசல?" என்றார். மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவிதான் சொன்னாள். "உங்க பெட்டியில ஒண்ணும் இல்லைங்க. இவருக்கு ஒரு காது கேக்காது. அன்னிக்கு நான் சொன்னது பொய். மன்னிச்சிடுங்க."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அட, அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நா பெட்டிய மூணு தபா கழட்டி மாட்னேன். ஊட்ல போய் சோறே எறங்கல." பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து, ஊரே கேட்கும்படி கத்தினார்: "அண்ணாத்தே! உக்காரு! டீ சாப்ட்றியா?" பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நல்ல மனதோடுதான் கத்தினார். நான் டீ வேண்டாமென்று கையை அசைத்தேன்.

"இவருக்கு ஒத்தப் பெட்டி போதும்மா" என்று அவளிடம் சாதாரணக் குரலில் சொன்னார். வலது காதில் எனக்கு அது விழுந்தது. "ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ஒண்ணா சேத்து வுட்டுடறேன். காசும் மிச்சம்."

"ரெண்டு வேணுங்க" என்றாள் அவள். "நானும் கேக்கணும்ல?"

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் எந்தப் பாட்டுப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் நான் ஒரு முறையும் கேட்டதில்லை. அவளுக்கும் காது உண்டு என்பது அப்போதுதான் புதிதாகத் தெரிந்ததுபோல் நின்றேன். அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. இரண்டு ஜோடியிலும் ஒரே பாட்டைப் போடச் சொன்னாள். மூன்று ஸ்பீக்கர் பெட்டியைக் கேட்டு, "இதுல தாளமெல்லாம் முன்னால வந்து நிக்குது, பாடுறவங்க பின்னால போயிட்டாங்க" என்றாள். புல் ரேஞ்சைக் கேட்டு, "இதுல ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்து பாடுற மாதிரி இருக்கு. இதையே குடுங்க" என்றாள். கடைக்காரர் கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. பாடகர் குழுவிலிருந்து நானே விலகிக்கொண்டேன். தொண்டை சரியில்லை என்று காரணம் சொன்னேன். அவர்களும் நம்பியதாகவே காட்டிக்கொண்டார்கள். பெட்டிகளைப் பார்க்க யாராவது வந்து "நீங்க செலக்ட் பண்ணினா சும்மாவா" என்றால், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதாக வெளியே போய்விடுவேன்.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுகளை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெக்கில் சின்ன விளக்குகள் ஏறி இறங்கின. பாட்டு மிக மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை. அவள் தலை மெல்ல அசைந்தது. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்து நாளாகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து சத்தத்தைக் கூட்டினாள், எனக்காக. பாட்டு என் காதுக்கு எட்டியபோது அவள் புருவம் சுருங்கியிருந்தது. அவளுக்கு அது இரைச்சல்.

"குறைச்சே வை" என்றேன்.

"உங்களுக்குக் கேக்காதே."

"பரவால்ல. முன்னாடி எப்படி வச்சிருந்தியோ அப்படியே வை."

அவள் தயங்கினாள். பிறகு குமிழைத் திருப்பினாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிலேட்டை எடுத்துத் துடைத்தேன். கேசட்டின் அந்தப் பக்கம் முடிந்து, அவள் எழுந்து திருப்பிப் போடும்வரை இருவரும் சேர்ந்தே துடைத்துக்கொண்டிருந்தோம்.