மருதப்பன் கோடு போட்ட சேணம்

"என்னை ஏமாத்த ரெண்டு கால்லயும் ஒண்ணு பொறக்கல, நாலு கால்லயும் ஒண்ணு பொறக்கல. சோதிச்சுப் பாக்காம நான் ஒரு மூடியையும் விட்டதில்ல, ஒரு வண்டியிலயும் ஏறினதில்ல."

1961ஆம் ஆண்டு, தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு கோப்பிக் கடையில் மருதப்பன் இதை அறிவித்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அறிவித்துவிட்டு, மேசைக்கு வந்த கோப்பியை மோந்து பார்த்தார். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கோப்பி கொண்டுவந்தார். அதையும் மோந்து பார்த்தார்.

வெறும் வீறாப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. செம்பவாங் பக்கம் ஒரு கிடங்கின் வாசலில் பதினெட்டு வருடம் சோதனைக்காரராக நின்றவர் அவர். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு. ஒருமுறை சாம்பாருக்குள் பித்தளைத் திருகாணி நான்கு கண்டெடுத்தார். அன்றிலிருந்து எந்த வீட்டுச் சாம்பாரையும் அடிவரை துழாவாமல் அவர் ஊற்றிக்கொண்டதில்லை. கல்யாண வீடுகளில் அவரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளியதன் காரணம் இதுதான். கிடங்குக்குள் வரும் பெட்டிகளையும் அவரே சோதித்து, மூடியின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'ம' என்று எழுதுவார். கோடு விழுந்த பெட்டியைப் பிறகு பெரிய துரையே வந்தாலும் தொடக்கூடாது.

இப்பேர்ப்பட்டவருக்கு அக்காள் மங்களத்திடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் அப்பா முத்துசாமி புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு குதிரை லாயம் வைத்திருந்தார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஆறு குதிரைகள், பின்னால் ஒரு குன்று, முன்னால் 'மலைச் சவாரி' என்று ஒரு பெயர்ப்பலகை. அந்த மலையில் ஏறிக் களைப்பதற்குள் மறுபக்கம் இறங்கிவிடலாம்தான். ஆனால் இந்தத் தீவில் மலைக்கென்று அதற்கு மேல் இடம் ஒதுக்கக் கடவுளுக்கே வசதிப்படவில்லை.

"அப்பா கால் ஒடிந்து படுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்துவிடு. கட்டாயம் வந்துவிடு" என்று எழுதியிருந்தாள்.

ஒரே கடிதத்தில் எதற்கு இரண்டு 'வந்துவிடு'? மருதப்பன் இரண்டு நாள் யோசித்தார். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு துணிப்பெட்டியோடு போய்ச் சேர்ந்தார். போனதும் அப்பாவின் மாவுக்கட்டை விரலால் தட்டினார். அப்பா போட்ட கூச்சலில், ஒடிந்தது உண்மை என்று உறுதியானது.

லாயத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கவனித்து வந்தவர் நூர்தீன். முப்பத்தைந்து வயது, பேச்சு குறைவு. மனிதர்களிடம் பேசாத கணக்கையெல்லாம் குதிரைகளின் காதில் பேசித் தீர்த்துக்கொள்வார்.

"அது காதுல என்ன சொல்றே?" என்று மருதப்பன் முதல் நாளே கேட்டார்.

"சும்மாதாண்ணே."

சும்மா என்று சொன்ன எவனும் சும்மா இருந்ததாகக் கிடங்கு அனுபவத்தில் இல்லை. நூர்தீனின் தூக்கைத் திறக்கச் சொன்னார். அடித்தட்டில் வெல்லக்கட்டிகள் இருந்தன.

"குதிரைக்குண்ணே."

"ஏன், குதிரை கேட்டுச்சா?"

"கேக்கும்லா. பழகினா உங்ககிட்டயும் கேக்கும்."

இந்தப் பதில் மருதப்பனுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நூர்தீன், ஜட்ஜ் என்ற பெரிய பழுப்புக் குதிரைக்குச் சேணம் வைத்து, வயிற்றுவாரை இறுக்கிக் கட்டினார். அதைப் பத்தடி நடத்தினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கட்டிய வாரில் மறுபடியும் கையை வைத்தார். மருதப்பன் தூணைவிட்டுப் பாய்ந்தார்.

"முதல்ல கட்டினது யாருக்கு?"

"ரெண்டு தடவை இறுக்கணும்ணே. இந்த ஜட்ஜ் இருக்கே..."

"குதிரை மேல பழி போடாதே. முதல் தடவையே ஒழுங்கா கட்டியிருந்தா ரெண்டாவது எதுக்கு? ஒழுங்கா கட்டலேன்னா ஏன் கட்டலை? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இப்படிக் கேட்டால் வக்கீலே திணறுவார். நூர்தீன் வாரிலிருந்து கையை எடுத்தார். உடனே சட்டம் பிறந்தது: வார் கட்டியானதும் மருதப்பன் சோதிப்பார், வாருக்கும் கொக்கிக்கும் குறுக்கே கோடு இழுப்பார், அதன்பிறகு ஒருவரும் தொடக்கூடாது. அக்காள் உள்ளே அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்ததால் நாட்டில் சட்டம் மாறியது அவளுக்குத் தெரியாது. ஆறு குதிரைகளின் விலாவிலும் 'ம' ஏறியது.

அன்று ஜட்ஜ் மேல் ஏறியவர் ஒரு ராணுவ டாக்டரின் மனைவி. வாரந்தவறாமல் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். அவர் வராவிட்டால் லாயத்துக்கு வேறு கதி கிடையாது. குன்றின் முதல் வளைவில் சேணம் மெல்லச் சரிந்தது. சேணத்தோடு அம்மையாரும் சரிந்து, கௌரவம் குறையாமல் லாலாங் புல்லில் அமர்ந்தார். அடிபட்டது தொப்பிக்கு மட்டும். "அடுத்த வாரமும் வருகிறேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மருதப்பன் விசாரணையைத் தொடங்கினார். கோடு கலையவில்லை. ஆகவே, பிறகு யாரும் தொடவில்லை. ஆகவே, கட்டும்போதே கோளாறு. ஆகவே நூர்தீன். இந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. அதில் இருந்த குறையும் அதுதான்.

"வேணும்னே தொளதொளன்னு கட்டியிருக்கே. லாயத்தை மூட வச்சுட்டு நீ தனியா ஆரம்பிக்கலாம்னு பாக்கறியா?"

நூர்தீன் ஜட்ஜின் சேணத்தைக் கழற்றி இறக்கி வைத்தார். "பன்னெண்டு வருஷத்துல அக்கா ஒரு நாளும் என் தூக்கைத் திறந்து பாத்ததில்லண்ணே" என்றார். தன் தகரப் பெட்டியை எடுத்தார். ஆறு குதிரைகளின் கழுத்திலும் ஒவ்வொரு தட்டு தட்டிவிட்டு, பத்தாவது மைல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

விஷயம் தெரிந்து மங்களம் ஓடிவந்தாள். "அடப்பாவி! நூர்தீன் இல்லாட்டி இந்த ஆறுல ஒண்ணுகூட நகராது. எல்லாத்தையும் வித்துட்டு அப்பா மொகத்துல எப்படிடா முழிக்கிறது? உனக்கு ஒரு குதிரைக்காவது சேணம் கட்டத் தெரியுமா?"

"இப்ப கட்டறேன், பாரு!"

மருதப்பன் ஜட்ஜின் விலாவில் முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து, வாரை இழுத்தார். ஜட்ஜ் மார்பை நிமிர்த்தி, பொதுக்கூட்ட மேடையில் மாலைக்கு நிற்கும் தலைவரைப் போல் அசையாமல் ஒத்துழைத்தது. சுண்டுவிரல் நுழையாது என்று சோதித்துக் கோடு இழுத்தார், 'ம' எழுதினார், ஏறினார்.

ஜட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டது. நீண்ட, நிம்மதியான மூச்சு. பத்தாவது அடியில் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதினோராவது அடியில் மருதப்பன் குதிரையின் வயிற்றுக்குக் கீழே, சேணத்தைக் கட்டிப்பிடித்தபடி தொங்கினார். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கோடு, கொஞ்சமும் கலையவில்லை. வாருக்கும் விலாவுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை போகும். கை நழுவிச் சேற்றில் விழுந்தார்.

"இதென்னடா கோடு?" என்றாள் மங்களம். "வார் கட்டும்போது இது மூச்சைப் பிடிச்சு வயித்தை உப்பிக்கும். கொஞ்சம் நடந்ததும் விட்டுடும். அதுக்குத்தானே ரெண்டாவது தடவை இறுக்கறது! நூர்தீன் சொல்லலியா?"

மருதப்பன் சேற்றிலிருந்து எழுந்தார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு நடந்தார்.

நிறுத்தத்தில் நூர்தீன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். மருதப்பன் வரும் வழியிலேயே இரண்டு பஸ் போயிருந்தது. அவர் ஏன் ஏறவில்லை என்று கேட்க மருதப்பனுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கடிவாளத்தை நீட்டினார்.

நூர்தீன் அவர் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்தார். "ஜட்ஜா?"

"ம்."

நூர்தீன் எழுந்து சேணத்தை நிமிர்த்தி வாரைக் கட்டினார். பத்தடி நடத்தினார். காதில் என்னவோ சொன்னார். மறுபடி இறுக்கினார். மருதப்பன் அந்தப் பக்கமே திரும்பாமல் நின்று, பிறகு சேணத்தின் கால்வளையத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார்.

"வாரைப் பாக்கலியாண்ணே?"

மருதப்பன் குனிந்து கையை மட்டும் நீட்டினார். நூர்தீன் தகரப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

"பூட்டு இல்லண்ணே அதுல."

மருதப்பன் பெட்டியை மடியில் வைத்து, மூடி திறந்துகொள்ளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்தார்.