ஸ்டிக்கர்காரரின் ட்ரோன் விழுந்த கதை

வெறுமையாக ஒரு பரப்பைக் கண்டுவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வீட்டு ஃபிரிட்ஜில் 'கதவைச் சரியாக மூடவும்' என்று ஒட்டியிருக்கும். குளியலறைக் குழாயில் 'வெந்நீர் இடப்பக்கம்'. மனைவியின் ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பூ, பின்னால் ஒரு பூ, சீட்டைத் தூக்கினால் அங்கேயும் ஒரு பூ. அவர் கடையில் வண்டிகளுக்கு நம்பர் ஒட்டுவார்கள், கண்ணாடிக் கதவுகளுக்கு எழுத்து வெட்டுவார்கள், பெரிய கடைகளுக்கு முகப்புப் பலகை செய்து மாட்டுவார்கள். ஸ்டிக்கர்காரர் என்றால்தான் நாலு பேருக்கு அவரைத் தெரியும். அவசரத்தில் வெறும் 'ஸ்டிக்கர்' என்றும் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

ட்ரோன் வாங்கியதும் தொழிலுக்காகத்தான். உயரமான கட்டடத்தில் பலகை மாட்ட வேண்டுமென்றால் முதலில் முகப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஏணியில் ஏறினால் கால் வெடவெடக்கும் ஆள் அவர். ஏணி ஏறும் பையன்களிடம் அதைக் காட்டிக்கொள்ளாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டார். ட்ரோன் வந்ததும் நிம்மதி வந்தது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. திரையில் பூமி கீழே போவதைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றியது. அதனால் சொந்தக்காரர் அவர், ஓட்டுகிறவன் மச்சினன் என்று ஆகிப்போனது.

மச்சினன் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். இடக்கைக்காரன். கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறை விட்டால் மாமா கடையில் வந்து உட்காருவான். கதவுகளில் இருக்கும் பழைய ஸ்டிக்கரை உரிக்கும் வேலை அவனுடையது. மற்றவர்கள் பிளேடு வைத்துச் சுரண்டிக் கண்ணாடியைக் கீறி வைப்பார்கள். இவன் கட்டைவிரலால் தேய்த்துச் சூடாக்கி, வலப்பக்கக் கீழ்மூலையில் நகத்தைக் கொடுத்து, பொறுமையாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். அக்காள் புருஷன், மச்சினன் என்ற உறவெல்லாம் பேருக்குத்தான். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வர ஏன் இவ்வளவு நேரம் என்று அக்காள் கேட்டால், இரண்டு பேரும் சேர்ந்தே பொய் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மச்சினனைத்தான் அவர் ஒரு மலையடியில் வைத்துப் பொறுப்பில்லாதவன் என்று திட்டினார். அதுவும் யார் முன்னால்?

மச்சினனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா மரக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். பையன் எப்படிப்பட்டவன் என்று பார்க்காமல் தலையாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் மலைக்குப் போய் வரலாம் என்று யோசனை சொன்னது ஸ்டிக்கர்காரர்தான். தன் வேனையும் கொடுத்து, ட்ரோனையும் எடுத்து வைத்தார். மச்சினன் பறக்கவிட்டுக் காட்டினால் அப்பா அசந்துபோவார் என்பது அவர் கணக்கு.

பாறைகளுக்கு நடுவே ஆறு இறங்கும் இடம் அது. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக ஏறி, வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரிந்தது. மச்சினன் ட்ரோனைத் தரையில் வைத்துக் கிளப்பினான். திரையில் மஞ்சளாக ஏதோ எழுத்து எட்டிப் பார்த்தது.

"என்ன மாமா அது?"

"ஏதோ விளம்பரம்டா. படத்த மறைக்குது பாரு." ஸ்டிக்கர்காரர் விரலை நீட்டி அதைத் தள்ளிவிட்டார்.

ட்ரோன் எழும்பியது, ஆற்றுக்கு மேலே போனது, எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். திடீரென்று அது பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. மச்சினன் இந்தப் பக்கம் இழுத்தான், அது அந்தப் பக்கம் போனது. பாறையில் ஒரு சத்தம். அப்புறம் கீழே ஒரு சத்தம். மச்சினன் கண்ட்ரோலரை அக்காள் கையில் கொடுத்துவிட்டுப் பாறைகளில் தொற்றி இறங்கினான். பெண்ணின் அப்பாவும் பாதி தூரம் பின்னாலேயே இறங்கினார். மேலே ஏறி வரும்போது துண்டில் சுற்றிய ஒரு மூட்டையோடு வந்தான்.

ஸ்டிக்கர்காரருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆசை ஆசையாக வாங்கியது போயிற்றே என்ற ஆற்றாமை. அசத்தலாம் என்று நினைத்த இடத்தில் மானம் போயிற்றே என்ற எரிச்சல் வேறு.

"மைதானத்துல எத்தன தடவ பறந்திருக்கு, ஒரு தடவயாவது விழுந்துச்சா? பொண்ணு பாக்குதுன்ன உடனே சாகசம் காட்டிட்ட. கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா உனக்கு? உன்ன நம்பி ஒரு பொருளக் குடுக்க முடியுமா?"

மச்சினன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மூட்டையை மாமாவிடம் கொடுத்துவிட்டு வேனின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதன் பிறகு மச்சினன் அக்காள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பெண் வீட்டிலிருந்தும் பேச்சு மூச்சு இல்லை. ஸ்டிக்கர்காரர் சாயங்காலமானால் தனியாக டீக்கடைக்குப் போனார், பாதி டீயை வைத்துவிட்டு வந்தார். ட்ரோன் மூட்டை அலமாரி மேல் பிரிக்காமலே கிடந்தது. அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவர். டாக்டர் சீட்டு இல்லாமல் தெரிந்தவருக்கும் மாத்திரை தரமாட்டார். ஆதாரம் இல்லாமல் தம்பியை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுவாரா?

"அவன்தான் விழ வச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டினது அவன்தானே? நானா ஓட்டினேன்?"

"அது போதாது. அதக் கொண்டுபோய்க் காட்டுங்க. அவன் மேல தப்புன்னு அவங்க சொல்லட்டும், நானே போய் அவன் காதத் திருகுறேன். இல்லன்னு சொன்னா என்ன பண்றதுன்னு நீங்க யோசிச்சு வைங்க. அவன் கல்யாணம் உங்க வாயால நின்னுச்சுன்னா நான் உங்கள மன்னிக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவர் சத்தம் போடாமல் சொன்னார். அதனால்தான் ஸ்டிக்கர்காரர் மறுநாளே கிளம்பினார்.

ட்ரோன் பழுது பார்க்கும் கடை ஒரு மாடியில் இருந்தது. ஒரு இளம்பெண் மேஜை விளக்கின் கீழ் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் வெள்ளையாக, எதுவும் ஒட்டாமல் இருந்தது. ஸ்டிக்கர்காரரின் கண் ஒரு நொடி அதில் போய்த்தான் வந்தது. மூட்டையைப் பிரித்து வைத்து, வாங்கிய நாளிலிருந்து கதையைச் சொன்னார். அவள் கதையைப் பாதியில் விட்டுவிட்டு ட்ரோனைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

"ஓட்டினவர் நல்லா ஓட்டியிருக்காரு சார். அது காத்துல தள்ளிட்டுப் போகுது, இவரு கடைசி வரைக்கும் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்காரு. பதறவே இல்ல."

"அப்ப மிஷின்ல கோளாறா?"

"மிஷினும் நல்லாத்தான் இருந்திருக்கு. இத பாருங்க. இந்த மாதிரி ட்ரோன் ஒரே இடத்துல நிக்கணும்னா வானத்துல இருக்கிற சாட்டிலைட்ட வச்சு, தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கும். மைதானத்துல அது போதும். நீங்க போன இடத்துல ரெண்டு பக்கமும் மல, மேல கொஞ்சூண்டு வானம். சாட்டிலைட் சரியா கிடைக்கல. அப்படி ஆனா வயித்துல இருக்கிற ரெண்டு கேமராவால கீழ தரையப் பாத்துக்கிட்டே நிக்கும். அன்னைக்கு அதுவும் முடியல. கீழ எதுவும் தெரியலன்னு கிளம்பும்போதே சொல்லியிருக்கு. மஞ்சள் எழுத்துல வந்திருக்குமே, யாரும் பாக்கலயா?"

ஸ்டிக்கர்காரருக்குத் தன் வலது ஆள்காட்டி விரல் ஞாபகம் வந்தது. அதைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அடியில ஏதாவது ஒட்டியிருந்தீங்களா சார்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், காணாமல் போனால் யாராவது எடுத்துக் கொடுக்கட்டுமே என்று, நல்ல சிவப்பில் ஒன்று வெட்டி ட்ரோன் வயிற்றில் ஒட்டியிருந்தார். 'கண்டெடுத்தால் அழைக்கவும்' என்று எழுதி, கீழே தன் போன் நம்பர். வயிற்றில் இரண்டு சின்னக் குழிகள் இருந்தன. எழுத்து பள்ளத்தில் விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, குமிழி இல்லாமல் இழுத்து அதன் மேலேயே ஒட்டினார். ஒட்டி முடித்துக் கொஞ்ச நேரம் ரசித்தும் பார்த்தார். அந்த ட்ரோனுக்கு இரண்டு கண்ணையும் கட்டியவர் அவர்தான்.

"ஆனா இப்ப இதுல ஸ்டிக்கர் இல்லயே. விழும்போது பிஞ்சு போயிருக்குமோ?" என்றாள் அவள்.

ஸ்டிக்கர்காரர் ட்ரோனை விளக்குக்குக் கீழே திருப்பிப் பிடித்தார். மற்ற விஷயத்தில் எப்படியோ, இதில் அவரை ஏமாற்ற முடியாது. அடிபட்டுக் கிழிந்தால் ஓரத்தில் துணுக்கு நிற்கும். இங்கே ஒரு துணுக்கு இல்லை. பசை மட்டும் மெல்லிய கோடு கோடாக, வலப்பக்கக் கீழ்மூலையிலிருந்து சரிந்து மேலே ஏறியிருந்தது. மூலையில் ஒரு நகத்தடம். அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவன் ஆற்றங்கரையிலேயே கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்து, உரித்து, துண்டில் சுற்றி எடுத்து வந்து, மூட்டையும் கையுமாக நின்று திட்டும் வாங்கினான். ஸ்டிக்கர்காரர் ட்ரோனை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். குடித்தார்.

திட்டியது யார் முன்னாலோ அவரிடம்தான் முதலில் போக வேண்டும் என்று நேராக மரக்கடைக்கு வண்டியை விட்டார். பெண்ணின் அப்பா பலகைகளுக்கு நடுவே நின்று அளவு குறித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னதைக்கூடக் கவனிக்காமல் ஸ்டிக்கர்காரர் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். ஸ்டிக்கர், குழி, மஞ்சள் எழுத்து, விரல் எதையும் மறைக்கவில்லை.

"தப்பு பூரா என்னுதுங்க. அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. என் வாய வச்சு அவன எடை போட்டுடாதீங்க. அத சொல்லத்தான் வந்தேன்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஸ்டிக்கர் விஷயம் எனக்குத் தெரியுமே."

"எப்படி?"

"நான்தான் அவன் பின்னாடியே இறங்கினேனே. உங்க நம்பர் நல்லா பெருசா, சிவப்பா இருந்துச்சு. அத நிதானமா உரிச்சுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான். நான் பாத்தத அவன் பாக்கல. மேல வந்து நீங்க அந்தப் பேச்சு பேசுறீங்க, அவன் ஒரு வார்த்த சொல்லல. வீட்டுக்குப் போன உடனே பொண்ணுகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

ஸ்டிக்கர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் ஏங்க இத்தன நாளா ஒரு தகவலும் இல்ல?"

"அத உங்க மச்சினன்கிட்டதான் கேக்கணும். மாமாவுக்குக் கோபம் ஆறட்டும், அவரு முன்னாடி நின்னு நடத்தாம எனக்குக் கல்யாணம் வேண்டாம்னுட்டான். நாங்க எல்லாரும் நீங்க எப்ப வருவீங்கன்னுதான் உக்காந்திருக்கோம்."

ஸ்டிக்கர்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்த பலகையில் அப்போதுதான் சாயம் பூசியிருந்தார்கள், பேண்ட் போயிற்று. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்த பெண்ணின் அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

"கல்யாணக் காருக்குப் பேரு நீங்கதான் ஒட்டணும். டிரைவருக்குப் பின்னாடி வர்ற வண்டி தெரியற மாதிரி ஒட்டுங்க."

கண்ணாடிக் கடையின் உள்பக்க மூலையில் மச்சினன் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தி எழுந்தான். பேண்டில் இருந்த சாயத்தையும் பார்த்தான்.

"என்ன மாமா, கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?"

"பண்ணத்தான் வேணும் மாப்ள."

வழியெல்லாம் தயார் செய்து வந்த பேச்சு அத்தனையும் ஸ்டிக்கர்காரருக்கு மறந்துபோனது. அப்போதுதான் லென்ஸ் வெட்டும் இயந்திரத்தின் பக்கவாட்டில் அதைக் கண்டார். நல்ல சிவப்பு, ஓரம் கிழியாமல், குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தது. 'கண்டெடுத்தால் அழைக்கவும்.' கீழே அவர் நம்பர்.

"இத ஏன்டா இங்க வச்சிருக்க?"

"தூக்கிப் போட மனசு வரல மாமா. நல்லா வெட்டியிருந்தீங்க."

"நம்பர்தான் கண்ணு முன்னாடியே இருக்கே, ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"தினமும் பாத்தேன். நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

ஸ்டிக்கர்காரர் கடைக்குள்ளேயே, வாடிக்கையாளர்கள் பார்க்க, அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். மச்சினன் கையில் இருந்த லென்ஸை மட்டும் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, மாமா முதுகைத் தட்டினான். பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. அன்று மட்டும் எங்கே போனீர்கள் என்று அக்காள் கேட்கவில்லை.