அட்டியலுக்குள் ஒளித்த கட்டி

இந்தச் செபக் கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை, குளித்துவிட்டுக் கழுத்தைத் துடைக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாருடைய காலிலாவது சின்னச் சிவப்பைக் கண்டாலும் நர்ஸிடம் ஓடுவேன். என் கழுத்தை மட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை. புற்றுநோய் என்று சொல்லிவிட்டால்? சனம் என்ன கதைக்கும்? மகளுக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் வர வேண்டாமா? வீட்டில் கழுத்துவரை பூட்டிய சட்டை, விசேஷங்களுக்குக் கழுத்தை ஒட்டிக் கட்டும் அகலமான அட்டியல். "இதைக் கழட்டவே மாட்டியோ?" என்று கணவர் பகிடி பண்ணுவார். சிரித்துச் சமாளிப்பேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுவேன். ஒரே செபம்தான்: ஆண்டவரே, ஒருத்தருக்கும் தெரியாமல் இதை இல்லாமல் ஆக்கிவிடும்.

கட்டி வளர்ந்தது. குரலும் கம்மியது.

கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், பழைய இங்கிலாந்தில் மடங்களை நடத்திய பெண் புனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு நான் குசினியில் வெங்காயம் வெட்ட, அவள் லப்டொப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, லிஸின். இவவுக்குக் கழுத்தில பெரிய கட்டி. சின்ன வயசில நெக்லஸ் போட்டு மினுக்கினதுக்குத் தண்டனையாம்."

கத்தி கை நழுவியது. "ஆரடி உனக்குச் சொன்னது? மினுக்கிறதுக்கோ போட்டனான்? மறைக்கிறதுக்கடி!"

அவள் திகைத்துப்போனாள். "நான் செயின்ட் எதெல்ரெடாவைச் சொல்லுறன். நீங்கள் என்னத்தை மறைக்கிறீங்கள்?"

அவளே என் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. சத்தம் கேட்டு வந்த கணவர் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். "இவ்வளவு நாளும் நான் உனக்குப் பிறத்தியானோ?" என்று மட்டும் கேட்டார். ஐயோ, அந்தக் கேள்வி!

மறுநாளே டொக்டரிடம் போனோம். சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய்தான். ஆனால் பரவவில்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் இருந்து மகள் மிச்சக் கதையைச் சொன்னாள். ராணியாக இருந்து மடத்துத் தலைவியான எதெல்ரெடா தன் கட்டியை மறைக்கவேயில்லையாம். கூட இருந்தவர்களிடம் வாய்விட்டுச் சொன்னாராம். வைத்தியருக்கும் காட்டினாராம். நானோ மூடி வைக்கத்தான் மன்றாடினேன். ஆண்டவர் அந்தப் புனிதையைக் கொண்டு அதைத் திறந்துவிட்டார்.

இன்றைக்கு இங்கே அட்டியல் போடாமல் வந்திருக்கிறேன். தழும்பைப் பார்க்கிறவர்கள் நன்றாகப் பாருங்கள். உங்களில் யாராவது எதையாவது ஒளித்துக்கொண்டு செபித்தால், முதலில் வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டுங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து செபியுங்கள், ஆண்டவர் கேட்பார். என் குரல் இனி இப்படிக் கரகரப்பாகத்தான் இருக்குமாம். அவருக்கு நன்றி சொல்ல இது போதும்.