மஞ்சள் புடவைக்குள் இருந்த சீனாக்காரர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதினால் மாரியாத்தா முன்னால் மறுபடி நிற்க வேண்டும். அந்தப் பயம்தான்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஜவ்வரிசி மில். அதன் விருந்தினர் விடுதியில் நான் காய் நறுக்கிக் கொடுத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையல் மாஸ்டர் மெட்ராஸில் சைனா ஓட்டலில் இருந்தவர். மரவள்ளி மாவு வாங்க வெளிநாட்டு வியாபாரிகள் வந்தால் அவர் கைச் சமையல்தான். முதலில் வந்த சீனாக்காரர் மாஸ்டரின் மிளகாய் நூடுல்ஸை மூக்கில் தண்ணி வழியத் தின்றுவிட்டு இன்னும் கேட்டார். "சீனாவே நம்ம கைக்குள்ள கீது, பாத்தியாம்மா!" என்று மாஸ்டர் மார்தட்டினார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் இன்னொருவர் வந்தார். வயசானவர். முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினார். "காரம் கம்மி போலக்கீது" என்று மாஸ்டர் இன்னும் இரண்டு கரண்டி மிளகாய் விழுதைக் கலந்தார். பரிமாறியவர் மனசு நோகக்கூடாதென்று அந்த மனுஷன் கண்ணீரோடு தின்றார். இரண்டு நாளும் அதுதான். மூன்றாம் நாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தார்.

ஆசுபத்திரிக்குப் போகிற கள்ளக்குறிச்சி ரோட்டில் போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் கல்லடியில் மில் ஜீப்பின் கண்ணாடி உடைந்திருந்தது. டிரைவர் வரவில்லை. "நான் ஓட்டறேன். அம்மை போட்டிருக்குன்னு சொன்னா யாரும் கிட்ட வரமாட்டாங்க. நீ பக்கத்துல குந்தும்மா" என்றார் மாஸ்டர். என் மஞ்சள் புடவையால் சீனாக்காரரைத் தலையோடு போர்த்தினேன். ஜீப்பின் முன்னால் வேப்பிலை கட்டினேன்.

மரத்தருகே அரிவாளோடு ஒருவர் வந்தார்.

"இன்னாம்மா, உள்ள யாரு?"

"எங்க மாமனாருங்க. ஆத்தா வந்திருக்கு. தண்ணி ஊத்தக் கோயிலுக்கு இட்டுக்கினு போறோம்."

புடவைக்குள் ஒரு முனகல். அவர் பாஷையில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் எங்கள் கதி என்ன? நான் கையால் அவர் வாயைப் பொத்தினேன். வெளியே நின்றவரோ அரிவாளைக் கீழே வைத்தார், செருப்பைக் கழற்றினார், ஜீப்பைக் கும்பிட்டார். கூட நின்றவர்களிடம் கிளையை ஓரமாக இழுத்துப் போடச் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எம் பொண்ணுக்கும் இதாம்மா. ஒரு வாரமா கண்ணு தொறக்கல. அவளுக்கும் சேத்து வேண்டிக்க" என்று பேரைச் சொன்னார். தலையாட்டினேன்.

ஆசுபத்திரியில் சீனாக்காரர் பிழைத்தார். அவரோடு வியாபாரம் செய்கிற மெட்ராஸ்காரர் பிறகு வந்து சொல்லித்தான் தெரிந்தது: இவர் சீனாவின் தென்கடலோரம், இஞ்சி போட்டு ஆவியில் வெந்த மீனும் குழைந்த கஞ்சியும் இவர்கள் சாப்பாடு. முதலில் வந்து மிளகாயைக் கேட்டுத் தின்றவர் உள்நாட்டு மலைப் பக்கமாம். மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஜில்லாவுலயே ஊருக்கு ஊரு கொழம்பு மாறுது. அவ்ளோ பெரிய தேசம் ஒரே வாயாலயா தின்னும்? எனக்குத் தோணலியேம்மா."

அவர் பிழை அதோடு தீர்ந்தது. அதற்கப்புறம் எந்த ஊர் என்று கேட்காமல் அவர் அடுப்புப் பற்றவைத்ததில்லை. என் பிழை தீரவில்லை. பிறகு வேண்டிக்கொள்ளக் கோயிலில் போய் நின்றபோது, பயத்தில் அந்தப் பெண்ணின் பேர் மறந்துபோயிருந்தது. எந்த ஊரென்றும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றும்போது, "பேர் தெரியாத பொண்ணு, தாயே" என்கிறேன். அவள் கண் திறந்தாளா என்று இன்றுவரை தெரியாது.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் என்னைச் சாமர்த்தியக்காரியாக்கிச் சொல்லாதீர்கள். ஆத்தா பேரில் நான் பொய் சொன்னேன், ஒரு தகப்பன் நம்பினார், அவர் மகளின் பேரை நான் தொலைத்தேன். உள்ளது உள்ளபடி போனால்தான், செருப்பைக் கழற்றிய அந்த மனுஷர் காதில் விழும்போது அது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.