யார் போட்ட சோறு

“காலையில என்ன சாப்பிட்டே? யார் போட்டாங்க?”

பூந்தமல்லியில் உரக்கடை மாடியில் இருக்கும் மனநல மருத்துவர் ஜானகிராமன் முதலில் கேட்பது இதைத்தான். காதில் குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்பதெல்லாம் அப்புறம். அவரிடம் இத்தனை வருஷமாக நர்ஸாக இருக்கும் கஸ்தூரிக்கு இது பழகிப்போய்விட்டது. ‘அம்மா போட்டாங்க’ என்றால் மாத்திரை எழுதுவார். ‘கடையில தின்னேன்’ என்றால் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அது எண்ணெய் மருந்து. நல்லெண்ணெயில் கரைத்தது. தடித்த ஊசியில் மெதுவாகத்தான் இறங்கும். ஒருமுறை போட்டால் சில வாரங்கள் உடம்பில் நின்று வேலை செய்யும். ஆளை அமுக்கிப் பிடித்துப் போடுவது அவரிடம் கிடையாது. “அவனே சரின்னு சொல்லட்டும். இது மாட்டாஸ்பத்திரி இல்ல” என்பார். கை விறைக்கும், வாய் உலரும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். கூட வந்த சொந்தக்காரர்கள், எதற்கு இதையெல்லாம் சொல்கிறார் என்று பார்ப்பார்கள்.

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் ஒருநாள், ஊசியை ஏன் விரும்புகிறீர்கள் என்று கேட்டார். “மாத்திரைய மறந்துடுவாங்க. உடம்பு தேறினா நிறுத்திடுவாங்க. ஊசின்னா, வராதவன் யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும்” என்றார் டாக்டர். எல்லாம் உண்மைதான். கம்பெனிக்காரர் தலையாட்டிக்கொண்டு போனார். சொல்லாமல் விட்ட காரணம் அப்போது வெளியே பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் பெயர் பூங்காவனம். பாரிவாக்கத்துக்காரி. மகன் நாகப்பன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். எண்பத்தாறாம் வருஷம் மெஷின்கள் தன்னைத் திட்டுகின்றன என்று வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டான். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் துப்பினான். “ரசத்துல கரைச்சுக் குடுத்துடுங்கம்மா” என்றார் டாக்டர். கஸ்தூரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தாய் அம்மியில் நுணுக்கிக் கரைத்தாள். ஒருநாள் டம்ளர் அடியில் மாத்திரை மாவு தங்கிவிட்டது. “எங்கம்மாவே எனக்கு மருந்து வெச்சிட்ச்சு” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான் நாகப்பன். அதன் பிறகு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. டீக்கடை பன்னில் பிழைத்தான்.

டாக்டர் ஊசிக்கு மாறியது அப்போதுதான். அந்தக் கேள்வியும் அப்போது வந்ததுதான். “இனிமே மருந்து என்கிட்ட, சோறு உங்கம்மாகிட்ட. ரெண்டும் கலக்காது” என்றார்.

நாகப்பன் மருந்துப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “எண்ண தேச்சிகினு குளிக்கிறத வுட்டுட்டு உள்ளயே ஊத்தப் போற. சரி, ஊத்து சார்.”

ரசத்தில் கலக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் டாக்டர் சொல்லவில்லை. நாகப்பன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் சொல்லிவிடுவதாக எழுந்தார். பூங்காவனம்தான் தடுத்தாள்.

“என் மேல கோச்சிகினா இன்னா சார், ஊட்லதானே கீறேன். ஒன் மேல கோச்சிகினான்னா ஊசிக்கு வர மாட்டான்.”

“அப்ப எப்பதாம்மா சொல்றது?”

“இன்னும் கொஞ்சம் தேறட்டும் சார்.”

தொண்ணூற்று நாலு ஆகிவிட்டது. நாகப்பன் நன்றாகத்தான் இருக்கிறான். போன வாரமும் தாயோடு வந்திருந்தான்.

“யார் போட்டாங்க?”

“அம்மாதான் சார். ஆனா மொத வாயி அது துன்னணும். அப்பாலதான் நானு.”

சிரித்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்தான். கஸ்தூரி மருந்தை நிதானமாக இறக்கினாள்.

டாக்டர் எழுந்து திரை வரைக்கும் வந்தார். “நாகப்பா…”

“இன்னா சார்?”

பெஞ்சிலிருந்து பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஊசி போட்ட எடத்தத் தேய்க்காதே” என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் கஸ்தூரி சொல்வது அது. ஏற்கெனவே மூடியிருந்த திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.